மோட்டார் அண்ணாத்தேக்கு வைத்த பரீட்சை

அம்பத்தூரில் ஆரம்பித்து பூந்தமல்லி வரைக்கும், மண்ணுக்கு மேலே தெரிகிற எந்தக் குழாயையும் மோட்டார் அண்ணாத்தே தொட்டுப் பார்க்காமல் தாண்டிப் போனதில்லை. கோயிலுக்குப் போனால் சாமிக்கு முன்னால் அவர் கும்பிடுவது கால் கழுவும் குழாயைத்தான் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவர் கும்பிடவில்லை. வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தூரத்தில் நிற்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு கூரியர்காரர் வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று எதிர்வீட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருமுல்லைவாயிலில் எங்களுடையது மூன்று மாடிக் குடியிருப்பு. நான் கரூர்க்காரன். முதல் மாடி தேவராஜன் கோயம்புத்தூர். மற்றவர்களும் ஆளுக்கொரு ஜில்லாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தவர்கள். உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள, தரைத்தளத்தில் இருந்த மோட்டார் அண்ணாத்தே ஒருவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் மஞ்சுளா நசரத்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற பதவிக்கு அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குடிவந்த அன்று வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் நேராகப் போய் சுவிட்சைப் போட்டார், அவ்வளவுதான். தேவராஜன் ஒவ்வொரு வருஷமும் சங்கக் கூட்டத்தில் எழுந்து, டேங்க் நிரம்பினால் தானாகவே மோட்டாரை நிறுத்துகிற சென்சார் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று பணிவாகச் சொல்வார். அண்ணாத்தே ஒவ்வொரு வருஷமும் ஒரே பதிலைச் சொல்வார்.

"மாட்டு. தாராளமா மாட்டு. அது கெட்டுப்போனா ஆருகிட்ட வந்து நிப்ப? எங்கிட்டதான? அத்த இப்பவே வந்து நில்லு."

அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். விடிந்தும் விடியாமலும் சுவிட்சைப் போடுவார். போட்ட கையோடு தன் வீட்டு பாத்ரூமுக்குள் போய்விடுவார். மொட்டை மாடி டேங்க் நிரம்பினால் வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, சரியாக அவருடைய பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற சிமெண்டுத் தரையில் விழும். 'சொத்' என்று முதல் தண்ணீர் விழ வேண்டும், இவர் உள்ளே வேலையை முடித்துக்கொண்டு கதவைத் திறந்து வந்து சுவிட்சை அணைக்க வேண்டும். வருஷக்கணக்கில் நடந்த ஏற்பாடு இது. அடுத்த சொம்புத் தண்ணீர் வழிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மற்ற வேளைகளில் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே போயிருக்கும்போது டேங்க் வழிந்தால் யார் காதில் விழுகிறதோ அவர் ஓடி வந்து நிறுத்த வேண்டும். இது சட்டம். தேவராஜன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்திருக்கிறார். என் மனைவி சுமதி கல்லில் தோசையைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள். அன்றைக்கு நான் சாப்பிட்டது தோசை என்று இன்றுவரை அவள்தான் சொல்கிறாள். கொஞ்சம் தாமதமானால் தெருமுனையிலிருந்தே அவருடைய குரல் வரும்.

"ஆர்ரா அது? மோட்டார ஆஃப் பண்ணு!"

அந்தக் குரல் கேட்டால் யோசிப்பதற்கு முன்னால் கால் ஓடிவிடும். அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

பூந்தமல்லியில் எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். நாங்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் வருகிற நேரத்தில் அண்ணாத்தே காதைத் தூக்கினார். மண்டபத்து டேங்க் வழிகிறது. இலையை மடிக்காமல் எழுந்து போனார். சுவிட்சு எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை, அதெல்லாம் அவருக்கு வாசனையிலேயே தெரியும். நிறுத்திவிட்டு வந்து நிம்மதியாக ரசம் சாப்பிட்டார். பிரச்சினை என்னவென்றால், அவர் அணைத்த சுவிட்சு ஒன்றல்ல, அங்கே இருந்த எல்லாமும்; கை கழுவும் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பும் அதில் சேர்த்தி. பந்தி முடிந்ததும் மொத்தக் கல்யாணக் கூட்டமும் பாயச விரல்களை விரித்துக்கொண்டு காய்ந்த குழாய்களுக்கு முன்னால் நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டைக்கு வந்தார்.

"சேதாரம் ஆவுற தண்ணிய நிறுத்துனதுக்கு நீ எனக்கு மாலை போடணும் நைனா" என்றார் அண்ணாத்தே.

இப்படிப்பட்ட மனிதர், கொஞ்ச காலமாக ஒரு விஷயத்தை எங்களிடம் மறைத்துவந்தார். காலையில் டேங்க் வழிகிற நேரம் நீண்டுகொண்டே போனது. முதலில் ஒரு சொம்பு, பிறகு ஒரு பக்கெட். அவருக்கு வயசாகிறது, நடை தளர்ந்துவிட்டது என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். உண்மையில் நடை நன்றாகத்தான் இருந்தது. பாத்ரூமில்தான் வேலை முடியவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் கீழே நின்றுகொண்டே கண்டுபிடிக்கிறவர், தன் விஷயம் நூலாகப் போவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். உள்ளே நின்று முக்கிக்கொண்டே, வெளியே வீணாகிற தண்ணீரைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நாள் காலை டேங்க் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. சுமதி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். நானும் தேவராஜனும் அண்ணாத்தேயின் வீட்டுக்குள் நுழைந்து பாத்ரூம் கதவைத் தட்டினோம்.

"அண்ணாத்தே! என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல. போங்க."

"டேங்க் வழிஞ்சு போச்சு அண்ணாத்தே."

பிறகு மெதுவாகத் தாழ்ப்பாள் திறந்தது. அடிவயிறு பானையாக உப்பியிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"ராத்திரிலேந்து ஒரு சொட்டு போவல நைனா" என்றார். அவர் கண்ணில் தண்ணீரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஒரு டியூபைச் செலுத்தினார்கள். டியூபின் முனையில் மாட்டிய பை நிறைந்தது, மாற்றினார்கள், மறுபடியும் நிறைந்தது. அண்ணாத்தேயின் முகத்தில் ஒரு பரமானந்தம் பரவியது. கண்ணை மூடிக்கொண்டு, "எவ்ளோ கொள்ளளவு பாரு" என்று முணுமுணுத்தார். அந்த நிலையிலும் மனிதருக்குப் பெருமைதான்.

அங்கே இருந்த சிறுநீரக அறுவை நிபுணர் ஒரு பெண். நடுத்தர வயது, அளந்த பேச்சு, சிரிக்காமலே வேடிக்கை சொல்லக்கூடியவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"ப்ராஸ்டேட் சுரப்பி பெருசாகி வழியை அமுக்கிடுச்சு. அது நிச்சயம். ஆபரேஷன் பண்ணி வழியைத் திறந்துடலாம். ஆனா மூத்திரப்பையும் ஒரு சதைதான். அது சுருங்கினாத்தான் சிறுநீர் வெளிய வரும். இவ்வளவு வருஷமா அடைப்பை எதிர்த்து வேலை செஞ்சு, ரொம்ப விரிஞ்சு போயிருக்கு. அந்தச் சதைக்கு இன்னும் சக்தி இருக்கான்னு தெரியணும். இல்லாமப் போயிருந்தா, வழியைத் திறந்தும் பெருசா பிரயோஜனம் இருக்காது. டியூபோடதான் இருக்க வேண்டி வரும்."

"அதாவது," என்றார் அண்ணாத்தே, "பைப்பு மட்டும் அடைச்சிகினு கீதா, இல்ல மோட்டாரும் காயில் எரிஞ்சி பூட்ச்சா, அத்த பாக்கணும்ன்ற."

"அதேதான்."

"பாரும்மா. நல்லா பாரு. எரிஞ்சிருக்காது."

கொஞ்ச நாள் டியூபோடு இருந்து மூத்திரப்பைக்கு ஓய்வு கொடுத்த பிறகு பரிசோதனை என்று தேதி கொடுத்தார்கள். மஞ்சுளா நசரத்பேட்டையிலிருந்து வந்து அப்பாவின் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இப்டி டியூப மாட்டிகினு நீ தனியா கெடக்க வேணாம்பா. எங்கூட வந்துடு."

"இங்க டேங்க ஆரு பாப்பா?"

"ஒன் டேங்கே ரிப்பேராயி கெடக்குது. ஊரு டேங்க பாக்கப் போறியா?"

அண்ணாத்தேயின் வாயை அடைத்த ஒரே ஜீவன் அவர் பெற்ற மகள்தான். ஆனாலும் அவர் பெட்டியை இழுத்து மூடினார். "டெஸ்ட்டு முடியட்டும். மோட்டாரு வேலை செய்யலன்னு அந்த அம்மா சொல்லட்டும், வரேன். அதுவரிக்கும் இந்தப் பொட்டி இங்கியே இருக்கட்டும்."

ஆக, பரீட்சையில் தேறினால் திருமுல்லைவாயில், தோற்றால் இடுப்பில் பையோடு நசரத்பேட்டை. அவருக்கு வேறு எந்தக் கணக்கும் இல்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் வயிற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளிப் பயிற்சி செய்தார். "லேத்துல எத்தினி பேருக்கு கையி தளர்ந்துச்சு, எனக்கு தளர்ந்துச்சா?" என்று கேட்டார். லேத்துக்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

பரிசோதனை அன்று துணைக்கு நான்தான் போனேன். நாற்காலியில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே ஒரு புனல், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பழைய டியூபை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றை மூத்திரப்பைக்குள் விட்டார்கள். அதுவரை பேசாமல் இருந்தவர், ஆசனவாய்க்கு இன்னொன்று என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடைப்பு முன்னாடி கீது. பின்னாடி இன்னாத்துக்கு?"

"நீங்க வயித்தை முக்கினாலும் பையில அழுத்தம் ஏறும்," என்றார் டாக்டர். "அது உங்க வயித்தோட சக்தி. எனக்கு வேண்டியது பையோட சொந்த சக்தி. இந்த ரெண்டாவது டியூப் வயித்து அழுத்தத்தைத் தனியா காட்டும். அதைக் கழிச்சிட்டா உண்மை தெரிஞ்சிடும்."

அண்ணாத்தேயின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் பயிற்சி எதற்காக என்று இப்போது எனக்குப் புரிந்தது. மனிதர் காப்பியடித்துப் பாஸாகத் திட்டம் போட்டிருந்திருக்கிறார்.

சலைன் மெதுவாக உள்ளே போனது. நிறைகிற மாதிரி இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். டேங்க் விஷயத்தில் அவருக்கா சொல்லித்தர வேண்டும்? "கால் டேங்கு... அர டேங்கு... முக்கா தாண்டிட்ச்சு..." என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "ரொம்பிப் போச்சு, நிறுத்து" என்றார். டாக்டரும் நிறுத்தினார்.

"சரி. இப்போ போங்க."

அண்ணாத்தே கண்ணை மூடினார். கம்ப்யூட்டரில் பையின் அழுத்தத்தைக் காட்டும் பைக்கோடு விறுவிறுவென்று ஏறியது. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் வயிற்றுக்கோடும் அதோடு சேர்ந்தே ஏறியது.

"முக்காதீங்கண்ணே."

"முக்கலமா."

"மிஷின் சொல்லுது."

"மிஷினு கோள் மூட்டுது."

"முக்காம, சாதாரணமா வீட்டுல போற மாதிரி போங்க."

கோடுகள் இரண்டும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. எங்களையெல்லாம் திரைக்கு வெளியே போகச் சொன்னார் டாக்டர். கூச்சமுள்ளவர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பலருக்கும் வந்துவிடுமாம். நர்ஸ் திறந்த மாத்திரத்தில் திரைக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை.

"கொயாவ மூடு! ஆளு இல்லாம தண்ணி ஓடுது!"

நர்ஸ் பயந்துபோய் மூடிவிட்டாள். அவ்வளவுதான், அன்றைக்குக் கதை முடிந்தது.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "இன்னைக்குப் பை சுருங்கவே இல்லை. சதை தளர்ந்துடுச்சா, கூச்சத்துல வரலையா, ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியாது. இன்னொரு தடவை பார்ப்போம். அதுலயும் கோடு ஏறலைன்னா, டியூபோட வாழப் பழகறதைப் பத்திப் பேசலாம்."

மறுபடியும் டியூப் போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவில் திரும்பும் வழியில் ஒரு தண்ணி லாரி ஒழுகிக்கொண்டே போனது. அதைக்கூட அண்ணாத்தே திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் மோட்டார் போடும் வேலை என்னிடம் வந்திருந்தது. ஒரு நாள் காலை சுவிட்சைப் போட்டுவிட்டு, பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தவன் அப்படியே ஆழ்ந்துவிட்டேன். டேங்க் வழிந்தது. தேவராஜன் கோயம்புத்தூருக்கும் சுமதி அவள் அம்மா வீட்டுக்கும் போயிருந்த நேரம். அடுத்த நொடி தரைத்தளத்திலிருந்து, "ஆர்ரா அது? மோட்டார ஆஃப் பண்ணு!" பதறியடித்து ஓடி அணைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு அவர் வீட்டுக்குள் போனேன்.

அண்ணாத்தே கட்டிலில் உட்கார்ந்து லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபைச் சுற்றி நனைந்திருந்தது.

"நைனா," என்றார் ரகசியக் குரலில், "அந்தத் தண்ணி வியுற சத்தம் கேட்டுச்சு பாரு, உள்ள சுண்டி இஸ்த்துச்சு. நான் முக்கல. சத்தியமா முக்கல. அதுவா இஸ்த்துச்சு."

அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் எங்களோடு சேர்ந்து துள்ளிக் குதிக்கவில்லை.

"டியூப் உள்ள உரசறதுனாலகூட அப்படி இழுக்கும். அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. எனக்கு கிராஃப்ல வரணும்." பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "காலையில எப்பவும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் போவீங்களா?"

"அது வியும், நான் முடிச்சிகினு வெளிய வருவேன். எப்பவும் அப்டித்தான்."

"உடம்பு அதுக்குப் பழகியிருக்கலாம். அப்போ அடுத்த தடவை அந்தச் சத்தத்தைக் கொண்டு வாங்க."

"டேங்கையா?" என்றேன் நான்.

"போன்ல கொண்டு வரலாமே சார்" என்றார், சிரிக்காமல்.

இரண்டாவது பரிசோதனை நாள். அண்ணாத்தேயின் வீட்டில் அந்தப் பெட்டி மூடியபடி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. மஞ்சுளா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அதே நாற்காலி, அதே இரண்டு டியூப், அதே கோள்மூட்டி மிஷின். நான் திரைக்கு இந்தப் பக்கம், வெளியே நகர்த்தி வைத்த கம்ப்யூட்டருக்கு அருகில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முனையில் சுமதி, அண்ணாத்தேயின் பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் தன் போனையும் ஸ்பீக்கரில் போட்டு நீட்டிக்கொண்டு நின்றாள். டேங்கை விளிம்புவரை நிரப்பித் தயாராக வைத்திருந்தார்கள்.

"முக்கா தாண்டிட்ச்சு... ரொம்பிப் போச்சு" என்று குரல் வந்தது.

"போடு சுமதி" என்றேன்.

மோட்டார் உறுமுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் 'சொத்' என்று முதல் தண்ணீர். பிறகு சளசளவென்று கொட்ட ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் பைக்கோடு லேசாக நெளிந்து தலைதூக்கியது. டாக்டர் முன்னால் சாய்ந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது திரைக்குள்ளிருந்து, வருஷக்கணக்கான பழக்கம், அந்தக் குரல் அதுவாகவே கிளம்பிவிட்டது.

"ஆர்ரா அது? மோட்டார ஆஃப் பண்ணு!"

போனில் தடதடவென்று யாரோ மாடிப்படி இறங்கி ஓடுகிற சத்தம். டக். தண்ணீர் நின்றது.

"ஆஃப் பண்ணிட்டனுங்க அண்ணா!" என்றார் தேவராஜன், மூச்சிரைக்க, அத்தனை பணிவாக.

தலைதூக்கிய கோடு அப்படியே படுத்துவிட்டது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். போனில் சுமதி தேவராஜனைத் திட்டுவது கேட்டது. "அண்ணா சொன்னா நானென்னங்க பண்றது, காலு தன்னால ஓடுது" என்று அவர் அழமாட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாத்தே நாற்காலியில் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார் என்பது திரைக்கு வெளியே இருந்தே எனக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரு தடவை பண்ணிப் பார்ப்போம்," என்றார் டாக்டர். "அண்ணே, இந்தத் தடவை நீங்க வாயே திறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன்." பிறகு தன்னைத் தானே நம்பாமல், "ஒரு துண்டு குடும்மா" என்றார். துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

போனின் அந்த முனையில் சுமதி போனை மஞ்சுளாவிடம் கொடுத்துவிட்டு, சுவிட்சுப் பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாளாம். "அண்ணாத்தேக்காக ஓடுது! யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது!" என்று அவள் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. மொத்தக் குடியிருப்பும் அங்கே கூடிவிட்டது. தண்ணீர் வழியும்போது ஓடிப்போய் அணைப்பதற்கென்றே பழக்கப்பட்ட அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியாருக்குப் புரியாது. தேவராஜனின் தோளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

தண்ணீர் விழுந்தது. நிற்காமல் விழுந்தது. அந்தக் குடியிருப்பு கட்டிய நாளிலிருந்து அவ்வளவு தண்ணீர் யாருக்காகவும் வீணானதில்லை. திரைக்குள்ளிருந்து துண்டுக்குள் அடங்கிய ஒரு உறுமல் வந்தது. கம்ப்யூட்டரில் வயிற்றுக்கோடு அசையாமல் கிடந்தது. பைக்கோடு மெல்ல எழுந்தது. எழுந்து, நின்று, இன்னும் எழுந்து, நான் போதும் என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் ஏறியது. புனலில் சன்னமாக, நூலாக, தயங்கித் தயங்கி ஒரு சத்தம் கேட்டது.

"முக்கலையே?" என்றேன் டாக்டரிடம், என்னை மீறி.

"துளிகூட இல்லை." முதல்தடவையாக அவர் சிரித்தார். "அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி, வர்றது ரொம்பக் கம்மி. பை நல்லா பலமா சுருங்குது. வழிதான் விடமாட்டேங்குது. அண்ணே, ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்."

இந்த மனிதர் எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. பேப்பர் படித்ததற்கும் பல் விளக்கும்போது குழாயை மூடாததற்கும் என்னைத் தெருவே கேட்கத் திட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்காக ஆஸ்பத்திரித் திரைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணாத்தே துண்டை வாயிலிருந்து எடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஊட்டுக்குச் சொல்லி மொதல்ல மோட்டார நிறுத்தச் சொல்லு நைனா. எவ்ளோ தண்ணி போவுது!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டியூப் வெளியே வந்தது. மஞ்சுளா பெட்டியைப் பிரித்து வேட்டிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டு, "இந்த டேங்க கட்டிகினு அழு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நசரத்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அண்ணாத்தே தானே எழுந்து, "எனக்கும் வயசாவுது. அந்த சென்சாரு இன்னாவோ சொன்னியே தேவராசு, அத்த மாட்டிடு" என்றார். பிறகு தேவராஜன் எழுந்தார். "அது கெட்டுப் போனா ஆருகிட்டங்க போய் நிக்கிறது?" என்றார். சென்சார் வேண்டாம் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். தீர்மானம் தோற்றது.

இப்போதும் விடிகாலையில் மோட்டார் ஓடுகிறது. டேங்க் நிரம்பி முதல் தண்ணீர் 'சொத்' என்று விழுகிறது. நாங்கள் யாரும் எழுந்து ஓடுவதில்லை. விழித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு அப்படியே படுத்திருக்கிறோம். கீழே ஒரு கதவு திறக்கும், ஒரு செருப்பு சுவிட்சை நோக்கி நடக்கும், தண்ணீர் நிற்கும். அதன்பிறகுதான் சுமதி எழுந்து போய் அடுப்பில் பாலை வைப்பாள்.